தானே புளிக்கும் சரக்கு: மாவு விற்கும் உறுப்பினர்களுக்குச் சில குறிப்புகள்

நமது சங்க உறுப்பினர்களில் மளிகைக் கடை நடத்துவோர் பலர் இப்போது இட்லி மாவும் விற்கிறார்கள். சிலர் சொந்தமாகக் கிரைண்டர் போட்டு அரைத்து விற்கிறார்கள். சிலர் பாக்கெட் மாவை ஏஜென்சியிடம் வாங்கிக் குளிர்பெட்டியில் அடுக்கி வைக்கிறார்கள். ஒரு காலத்தில் வீட்டுக்கு வீடு ஆட்டுக்கல் இருந்தது. பிறகு மேஜை மேல் வைக்கும் கிரைண்டர் வந்தது. இன்று கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகும் வீடுகளில் அதையும் கழுவ ஆளில்லை. ஆகவே மாவு கடைக்கு வந்துவிட்டது. இது நமக்கு வந்திருக்கும் நல்ல வரவு. ஆனால் இந்த வரவைக் கையாளத் தெரியாமல் வாடிக்கையாளரை இழந்த கடைகளையும் நாம் பார்த்திருக்கிறோம்.

துவரம் பருப்பை மூட்டையில் கட்டி வைத்தால் நாளைக்கும் அது துவரம் பருப்புதான். சீனியும் அப்படித்தான். மாவு அப்படிப்பட்ட சரக்கல்ல. காலை ஆறு மணிக்கு அது ஒரு சரக்கு; மாலை ஆறு மணிக்கு வேறொரு சரக்கு. நாம் பணம் கொடுத்து வாங்கி அடுக்கிய பிறகும் அது தன் பாட்டுக்கு வேலை செய்துகொண்டே இருக்கிறது. அந்த வேலை என்ன, அதை யார் செய்கிறார்கள் என்று தெரிந்துகொண்டால்தான் இந்த வியாபாரத்தில் கையைச் சுட்டுக்கொள்ளாமல் இருக்கலாம்.

முதலில் எங்கள் கடையில் நடந்த ஒரு தவறைச் சொல்லிவிடுகிறோம்.

2004-ஆம் ஆண்டு தை மாதம். மதுரையில் எங்களிடம் மாதந்தோறும் உளுந்து வாங்கும் மளிகைக்காரர் ஒருவர், தம் கடையிலேயே மாவு அரைத்து விற்றுவந்தார். முகூர்த்த நாள் ஒன்றுக்குச் சமையல்காரர் ஒருவர் அவரிடம் 150 கிலோ மாவு கேட்டிருந்தார். அவர் எங்களிடம் உருட்டு உளுந்து ஒரு மூட்டை வாங்கினார். அந்தச் சமயம் எங்கள் கிட்டங்கியில் ஓராண்டுக்கு மேல் தங்கிவிட்ட உளுந்து கொஞ்சம் இருந்தது. பூச்சி இல்லை, நிறமும் குறையவில்லை. பார்வைக்கு நயம் சரக்கு என்றே சொல்லலாம். பழைய சரக்கைத் தள்ளிவிட்டுப் புதியதை ஏற்ற வேண்டும் என்ற எண்ணத்தில் அதையே கட்டிக் கொடுத்துவிட்டோம். விலையில் ஒரு பைசா குறைக்கவில்லை.

மறுநாள் மதியம் அவர் கடைக்கு வந்தார். சத்தம் போடவில்லை. ஒரு டிபன் பாக்ஸைத் திறந்து மேஜை மேல் வைத்தார். உள்ளே இரண்டு இட்லி. "அண்ணாச்சி, இதைப் பிட்டுப் பாருங்க" என்றார். பிட்டோம். பிய்ந்து வரவில்லை, வழவழவென்று கட்டியாக உடைந்தது. இரவு முழுவதும் வைத்தும் மாவு பொங்கவில்லை என்றும், விடியற்காலையில் பந்தியில் அவமானப்பட்டுவிட்டதாகவும் சொன்னார். சமையல்காரர் அவருக்குப் பணம் தரவில்லை. நாங்கள் மூட்டைப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம். அதன் பிறகும் எட்டு மாதம் அவர் எங்கள் கடைப் படி ஏறவில்லை. பாக்கி ஏதும் இல்லாத, நேரம் தவறாமல் பணம் கட்டும் வாடிக்கையாளர் அவர்.

தைக் குளிரும் அன்று சேர்ந்துகொண்டது என்பது உண்மை. ஆனாலும் குற்றம் உளுந்தில்தான் இருந்தது. உளுந்துக்கும் மாவு பொங்குவதற்கும் என்ன தொடர்பு என்று அப்போதுதான் நாங்கள் விசாரிக்கத் தொடங்கினோம். வேளாண்மைக் கல்லூரியில் படித்த உறவினர் ஒருவர் பல விவரங்களைத் தேடிக் கொடுத்தார்.

மாவு பொங்குவது எப்படி?

ரொட்டிக்கு ஈஸ்ட் வாங்கிப் போடுகிறார்கள். தயிருக்கு உறை ஊற்றுகிறோம். இட்லி மாவுக்கு யாரும் எதுவும் போடுவதில்லை. உளுந்திலும் அரிசியிலும் இயற்கையாகவே ஒட்டிக்கொண்டிருக்கும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களே அந்த வேலையைச் செய்கின்றன. தானியத்தை ஊற வைக்கும்போதே அவை பெருகத் தொடங்கிவிடுகின்றன. அரைத்து வைத்த பிறகு மாவில் உள்ள சர்க்கரைச் சத்தைத் தின்று, புளிப்பையும் வாயுவையும் உண்டாக்குகின்றன. புளிப்பு என்பது பெரும்பாலும் தயிரில் உள்ள அதே லாக்டிக் அமிலம். வாயு என்பது சோடாவில் இருக்கும் அதே கரியமில வாயு. மாவைப் பொங்கச் செய்வதில் முக்கியப் பங்கு லூக்கோநாஸ்டாக் மெசன்டிராய்ட்ஸ் என்ற நுண்ணுயிருக்கு உண்டு என்று அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 1965-இல் எழுதியிருக்கிறார்கள். பெயர் வாயில் நுழையாது. நினைவில் வைக்கவும் வேண்டியதில்லை. நம் பாட்டிமார் செய்ததை அங்கே உட்கார்ந்து ஆராய்ந்திருக்கிறார்கள் என்பதுதான் நமக்கு வேடிக்கை.

வாயு உண்டானால் மட்டும் போதாது. அது மாவுக்குள் தங்க வேண்டும். அங்கேதான் உளுந்தின் அருமை. உளுந்தை அரைக்கும்போது வரும் வழுவழுப்பு நமக்குத் தெரிந்ததே. அதில் உள்ள ஒருவகைப் பசைப்பொருளும் புரதமும் சேர்ந்து வாயுக் குமிழிகளை வெளியே விடாமல் பிடித்து வைக்கின்றன. மைசூரில் உள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தார் 1970-களில் இதை விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள். வேறு பருப்பைப் போட்டு அரைத்தாலும் மாவு புளிக்கும். ஆனால் இந்த அளவுக்கு மெத்தென்று எழும்பாது. உளுந்து பழசாகும்போது இந்தப் பிடிப்புத்தான் முதலில் போகிறது. எங்கள் மூட்டையில் நடந்தது அதுதான்.

கைராசியைப் பற்றியும் ஒரு சொல். "அவர் கை பட்டால் மாவு பொங்கும்" என்று சொல்வதுண்டு. கையிலிருந்தும் கொஞ்சம் சேரலாம். ஆனால் பெரும்பங்கு தானியத்திலிருந்தே வருகிறது. ஆகவே கடைக்கு அரைப்பவர்கள் முழங்கை வரை விட்டுக் கலக்க வேண்டிய அவசியமே இல்லை. சுத்தமான கரண்டியால் கலக்கினாலும் மாவு பொங்கத்தான் செய்யும். வாடிக்கையாளர் கண் முன்னால் வெறுங்கையை மாவுக்குள் விடும் கடைக்காரரைப் பார்த்தால் நமக்கே வாங்க மனம் வருவதில்லை.

உளுந்து கொள்முதல்

இதில் சற்று விரிவாகவே சொல்லலாம் என்று நினைக்கிறோம். ஏனென்றால் இது எங்கள் தொழில்.

மாவுக்கு முழு உருட்டு உளுந்தே ஏற்றது. உடைத்த உளுந்திலும் அரைக்கலாம். ஆனால் மாவு காண்பது குறைவு. தொலி உளுந்து ஊறவைத்துத் தோலைக் களைந்து அரைத்தால் சுவை நன்றாக இருக்கும் என்று வீடுகளில் விரும்புவார்கள். கடைக்கு அந்த வேலை கட்டாது.

நம் நாட்டு உளுந்தில் டெல்டா மாவட்டங்களில் சம்பா, தாளடி அறுவடையை ஒட்டி நெல் வயலிலேயே விதைத்து எடுக்கும் உளுந்துக்குத் தனி மதிப்பு உண்டு. தையில் விதைத்தது பங்குனி, சித்திரையில் சந்தைக்கு வரும். ஆடுதுறை ரகங்களும், புதுக்கோட்டை மாவட்டம் வம்பன் ஆராய்ச்சிப் பண்ணையிலிருந்து வந்த ரகங்களும் நம் பகுதியில் பெயர் பெற்றவை. உள்நாட்டு விளைச்சல் தேவைக்குப் போதாது. ஆகையால் பர்மா உளுந்து சென்னைத் துறைமுகம் வழியாக வருகிறது. அதில் எஃப்.ஏ.க்யூ. என்றும் எஸ்.க்யூ. என்றும் இரண்டு தரம். எஸ்.க்யூ. பெரிய மணி, விலையும் கூடுதல். பர்மா உளுந்து என்றாலே மட்டம் என்று சிலர் ஒதுக்குவது சரியல்ல. புதிதாக வந்த பர்மா சரக்கு, கிட்டங்கியில் கிடந்த நாட்டுச் சரக்கைவிட நன்றாகப் பொங்கும். ஊரைவிட வயதையே முதலில் கேட்க வேண்டும்.

வயதைக் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. பவுடர் போட்டு வெளுப்பாக்கிய உளுந்து பழசானாலும் பளிச்சென்று இருக்கும். உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தால் வெள்ளையாக ஒட்டுகிறதா என்று பாருங்கள். ஒட்டினால் வேண்டாம். அதற்கு மேல் ஒரே வழி, அரைத்துப் பார்ப்பதுதான். புதிய மூட்டை எதுவானாலும் நூறு கிராம் எடுத்து ஊறவைத்து, வீட்டுக் கிரைண்டரில் குளிர்ந்த தண்ணீர் தெளித்துத் தெளித்து அரைக்கச் சொல்லுங்கள். பஞ்சு போல உப்பி வர வேண்டும். ஒரு சொட்டு மாவைத் தண்ணீரில் விட்டால் மிதக்க வேண்டும். மூழ்கினால் அந்த மூட்டையை வடைக்கும் சாம்பாருக்கும் தாளிப்புக்கும் விற்றுக்கொள்ளலாம், மாவுக்கு எடுக்காதீர்கள். ஒரு மூட்டைக்கு நூறு கிராம் செலவு என்பது பெரிய தொகையல்ல. எங்களைப் போன்ற மொத்த வணிகர் யாராவது சாம்பிள் தர யோசித்தால், வேறு கடையைப் பாருங்கள்.

அரிசியில் அவ்வளவு சிக்கல் இல்லை. குண்டு ரகப் புழுங்கல் அரிசி எதுவும் ஆகும். ஆடுதுறை 37, ஐ.ஆர். 20 என்று கேட்டு வாங்குகிறார்கள். நாலு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து என்பது பொதுவான கணக்கு. உளுந்து நன்றாகக் கண்டால் ஐந்துக்கு ஒன்று வரை போகிறவர்கள் உண்டு. உளுந்து விலை ஏறும்போது அரிசியைக் கூட்டி ஆப்ப சோடாவைப் போட்டு ஒப்பேற்றுவது மட்டும் வேண்டாம். சோடா போட்ட இட்லியின் வாடையும் மஞ்சள் நிறமும் இல்லத்தரசிகளுக்கு ஒரு வாரத்தில் தெரிந்துவிடும். வெந்தயம் ஒரு சிட்டிகை சேர்ப்பது வேறு, அது நல்லதே.

வெளிநாட்டில் ஒரு கூட்டம்

உறை போடாமல், இயற்கையாகப் புளிக்க விடும் வணிகம் நமக்கு மட்டும் உரியதல்ல. பெல்ஜியம் நாட்டில் பிரஸ்ஸல்ஸ் நகரைச் சுற்றி லாம்பிக் என்றொரு பீர் காய்ச்சுகிறார்கள். மது வியாபாரம் நம் சங்கத்தின் பேச்சல்ல. நாம் பார்ப்பது அதன் வணிக முறையை மட்டுமே. முளைகட்டிய பார்லியோடு முளைகட்டாத கோதுமையையும் சேர்த்துக் காய்ச்சி, அந்தச் சூடான கஷாயத்தை அகலமான திறந்த தொட்டியில் இரவு முழுவதும் ஆற விடுகிறார்கள். ஈஸ்ட் சேர்ப்பதில்லை. காற்றிலும் அந்தப் பழைய கட்டடத்திலும் மரப்பீப்பாய்களிலும் உள்ள நுண்ணுயிர்களே புளிக்க வைக்கின்றன. கோடையில் கெட்ட கிருமி கூடும் என்பதால் ஏறத்தாழ அக்டோபர் முதல் ஏப்ரல் வரை மட்டுமே காய்ச்சுகிறார்கள். பிறகு பீப்பாயில் ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை கிடக்கும்.

அங்கே நம்மைப் போன்ற ஒரு வணிகர் கூட்டம் உண்டு. அவர்கள் காய்ச்சுவதில்லை. பல ஆலைகளில் புளிக்காத கஷாயத்தை மொத்தமாக வாங்கித் தங்கள் பீப்பாய்களில் வைத்துப் பக்குவப்படுத்தி, இளசையும் பழசையும் அளவாகக் கலந்து பாட்டிலில் அடைத்து விற்கிறார்கள். அதற்கு கஸ் என்று பெயர். மூன்றாண்டு முதலைச் சரக்கில் முடக்கிவிட்டு, அது என்ன ஆகிறது என்று நாவால் மட்டுமே சோதித்துக்கொண்டு காத்திருக்கிறார்கள்! நமக்கு ஒரு மாதக் கடன் தவணையே தூக்கத்தைக் கெடுக்கிறது. அப்படிப்பட்ட ஒரு தொழிலகத்தில் 2009-இல் கிடங்கின் வெப்பநிலையைக் கட்டுப்படுத்தும் கருவி பழுதாகிச் சூடு ஏறியதால் பல்லாயிரம் பாட்டில்கள் வெடித்தும் கெட்டும் போயின. பல ஆண்டு உழைப்பு ஒரு சிறு கருவியால் போயிற்று. நமது குளிர்பெட்டிக்கும் இது பொருந்தும்.

சூடும் குளிரும்

மாவு புளிக்கச் சுமார் 30 டிகிரி செல்சியஸ் சூடு ஏற்றது. சித்திரை, வைகாசியில் ஆறு மணி நேரத்தில் பாத்திரம் வழிந்துவிடும். மார்கழி, தையில் பன்னிரண்டு, பதினான்கு மணி நேரம் கூட ஆகும். ஆண்டு முழுவதும் இரவு எட்டு மணிக்கு அரைத்துக் காலை ஐந்துக்கு எடுப்பது என்று ஒரே நேரம் வைத்திருப்பவர்கள் ஆண்டுக்கு இருமுறை அடி வாங்குகிறார்கள். குளிர்காலத்தில் அரைக்கும் நேரத்தை மூன்று நான்கு மணி முன்னால் தள்ளுங்கள். ஊறிய தண்ணீரில் கொஞ்சத்தை எடுத்து அரைக்கப் பயன்படுத்துவோரும் உண்டு. கோடையில் கிரைண்டர் சூட்டில் மாவு வெதுவெதுப்பாகிவிடாமல் ஐஸ் தண்ணீர் தெளிப்பது நல்லது. உப்பைக் கடைசியில் போட்டால் புளிப்பது சற்று வேகமாக நடக்கும். கோடையில் முன்பே போடுவது தற்காப்பு.

குளிர்பெட்டிக்குள் வைத்ததும் மாவு தூங்கிவிடுகிறது என்று நினைக்காதீர்கள். வேலை மெதுவாகிறதே தவிர நிற்பதில்லை. அதுவும் 4, 5 டிகிரிக்குள் இருந்தால்தான். குளிர்பானத்துக்குக் கம்பெனிக்காரர் தந்த கண்ணாடிக் கதவுப் பெட்டியில், நிமிடத்துக்கு ஒருமுறை கதவு திறக்கும் இடத்தில், முன்வரிசையில் மாவை அடுக்கினால் அது வெளியில் வைத்ததற்குச் சமம். பாக்கெட்டை அடியிலும் பின்னாலும் வையுங்கள். இருபது ரூபாய் சோடா பாட்டிலுக்கு முன்வரிசை போதும். 2012-இல் மின்வெட்டு பல மணி நேரம் நீடித்த நாட்களில், மாவு விற்ற கடைகளில் பாதி சரக்கு உப்பிப்போய் ஏஜென்சிக்குத் திரும்பியது நினைவிருக்கும். இரவு கடை அடைக்கும்போது மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுப் போகும் பழக்கம் இன்னும் சில கடைகளில் உண்டு. ஒரு மாத மின் கட்டணத்தில் மிச்சமாவதை ஒரே வாரத் திருப்பு மாவு தின்றுவிடும்.

உப்பிய பாக்கெட் என்றால் உள்ளே வாயு சேர்ந்திருக்கிறது, எங்கோ சூட்டில் இருந்திருக்கிறது என்று பொருள். அதனால் மட்டும் அது விஷம் ஆகிவிடாது. ஆனால் புளிப்பு ஏறியிருக்கும். சரக்கு இறக்கும்போதே உப்பியிருந்தால் ஏஜென்சி வண்டியில் குளிர் இல்லை. எடுக்காதீர்கள். மேலே இளஞ்சிவப்பு, ஆரஞ்சு நிறத்தில் திட்டு, பூஞ்சணம், நூல் போல இழுக்கும் பிசுபிசுப்பு, அழுகல் வாடை ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று இருந்தாலும் கொட்டிவிட வேண்டும். புதிய மாவோடு கலந்து விற்கலாம் என்று கணக்குப் போடாதீர்கள். கெட்டது நல்லதையும் கெடுக்கும். பாத்திரத்தின் விளிம்பில் காய்ந்த மாவையும் தினம் சுரண்டிக் கழுவி வெந்நீர் ஊற்ற வேண்டும்.

விற்கும் விதம்

மாவைப் படியால், கரண்டியால் அளந்து விற்பது இருவருக்கும் நியாயமல்ல. பொங்கிய மாவில் காற்று அதிகம். படிக்கு எடை குறையும். கலக்கிவிட்டால் எடை கூடும். வாங்குபவர் இன்று அதிகம் வந்தது, நேற்று குறைவாக வந்தது என்பார். தராசில் வைத்துக் கொடுங்கள். ஐந்து கிலோ அரிசி, உளுந்துக்குத் தண்ணீரோடு இரண்டு மடங்குக்குச் சற்று மேல் மாவு காணும். இதைவிட மிக அதிகமாகக் கண்டால் தண்ணீர்தான் விற்கிறோம்.

இன்னொரு யோசனை. மாவின் வயதை மறைக்காதீர்கள், அதையே விற்பனைக்குப் பயன்படுத்துங்கள். அன்று பொங்கிய மாவு இட்லிக்கு. மறுநாள் மாவு தோசைக்கு. அதற்கு அடுத்த நாள் ஊத்தப்பத்துக்கும் பணியாரத்துக்கும். தெற்குமாசி வீதிப் பக்கம் ஒரு கடையில் இரண்டு எவர்சில்வர் அண்டாவில் "இன்றைய மாவு", "நேற்றைய மாவு" என்று எழுதி வைத்து, நேற்றையதைக் கிலோவுக்குச் சில ரூபாய் குறைத்து விற்கிறார்கள். நேற்றையதுதான் முதலில் தீர்கிறது. தோசை முறுகலாக வருகிறதாம்.

உதிரியாக விற்பவர்கள் 2019 ஜனவரி முதல் தமிழ்நாட்டில் பிளாஸ்டிக் பைக்குத் தடை உள்ளதை மறக்கக் கூடாது. தூக்குவாளி கொண்டு வருபவருக்கு ஒரு கரண்டி கூடுதலாக ஊற்றுங்கள். மறுநாள் தெருவே தூக்குவாளியோடு வரும். அரைத்து விற்கும் கடைக்கு உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவோ உரிமமோ கட்டாயம். பாக்கெட் போட்டால் எடை, தேதி, முகவரி அச்சிட வேண்டும். ஈர மாவுக்கான ஜி.எஸ்.டி. 2017 நவம்பரில் 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. உலர்ந்த மாவுப் பொடிக்கு அப்போது இருந்த வரியும் இதுவும் ஒன்றல்ல. பில் போடும் முன் உங்கள் கணக்கரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

கல்யாண ஆர்டர் வந்தால் இரண்டு நாள் முன்னதாகவே உறுதி செய்யச் சொல்லுங்கள். முதல் நாள் அதே மூட்டை உளுந்தில் ஐந்து கிலோ அரைத்து வைத்துப் பாருங்கள். எந்த நேரம் அரைத்தோம், எப்போது பொங்கியது, அன்று வெயிலா குளிரா என்று ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதி வைத்தால், அடுத்த ஆண்டு அதே மாதம் அந்த நோட்டே சொல்லிவிடும். டிபன் பாக்ஸ் கொண்டுவந்த மளிகைக்காரரிடம் அப்படி ஒரு நோட்டு இருக்கிறது. அந்த ஆண்டு புரட்டாசியில் அவர் மீண்டும் எங்கள் கடைக்கு வந்தார். அன்றிலிருந்து எங்கள் லாரி சரக்கு இறக்கும் நாளில் அவருடைய பையன் வந்து ஒவ்வொரு லாட்டிலும் நூறு கிராம் கட்டிக்கொண்டு போகிறான். மறுநாள் காலை போன் வந்த பிறகுதான் அவருக்கு மூட்டை ஏற்றுகிறோம்.